நீக்கிய வரிசை

குறிப்பேட்டில் தேதி 11.12.1976.
ஞானசிகாமணி சாரின் எழுத்து
எறும்பு சர்க்கரைக்குப் போவதுபோல் போகிறது.
தாய்: மேலூர்ப் பக்கத்துச் சிவப்பு நெல்.
தந்தை: மணிலாவிலிருந்து தபாலில் வந்த குட்டை.
கலப்பு எண் 43.

வெயில் யானைமலையைத் தாண்டுமுன்
வேலை முடிய வேண்டும்.
பூக்காத நெல்லின் நுனியைக் கத்தரித்து
இடுக்கியால் மகரந்தப்பை ஆறையும் எடுக்க வேண்டும்.
ஐந்துதான் வந்ததென்றால்
அந்தக் கதிர் பிறகு பொய் சொல்லும்.

இடுக்கியைப் பிடித்தது யார்
குறிப்பேட்டில் இல்லை.
மஸ்டர் ரோலில் இருக்கிறது:
விருமாயி, கணவர் ஒச்சாத்தேவன்,
கூலி மூன்று ரூபாய், கைநாட்டு.

நான் விதை வங்கியில் கணினி முன் இருப்பவள்.
சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பவள்.
வெளியே மதுரை கொதிக்கும்,
உள்ளே நாலு டிகிரியில்
நெல் தூங்கும்.

முதல் தலைமுறை ஒற்றுமையாக நின்றது.
இரண்டாம் தலைமுறையில் பாகப்பிரிவினை:
ஒன்று நெட்டை, ஒன்று குட்டை,
ஒன்று முழுக்கப் பதர்,
ஒன்று கதிரைக் கடைசிவரை வெளியே காட்டவில்லை.
ஐந்தாவதில் 43-6-1ஐ வைத்துக்கொண்டார்கள்.
அதற்குப் பெயர் வைத்தார்கள்,
மேடை போட்டு வெளியிட்டார்கள்,
பன்னிரண்டு வருடம் ஓடியது.
பிறகு புகையான் பூச்சி வந்து
ஒரே வாரத்தில் வட்டம் வட்டமாய்க் கருக்கியது.

43-9-2க்கு எதிரே சிவப்பு மை:
உயரம். யூரியா போட்டால் சாய்கிறது.
அரிசி சிவப்பு. நீக்கவும்.

கோழிக்குப் போடச் சொல்லியிருப்பார்கள்.

போன மாதம் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து
ஒரு துணிப்பை வந்தது.
சேகரித்த பையன் படிவத்தில் எழுதியிருந்தான்:
ஆப்பிச்சம்பா. பாரம்பரிய ரகம்.
முன்னோர் காத்த அரிய செல்வம்.
காதில் எப்படி விழுந்ததோ அவனுக்கு.
எனக்கு அடித்தூரின் ஊதா நிறம் இடித்தது,
கதிர் நுனியில் அந்த அரைவிரல் வாலும்.
கோயம்புத்தூருக்கு இலை அனுப்பினேன்.
குட்டை மரபணு இல்லை என்றார்கள்,
மற்றபடி பாதிக்குப் பாதி மணிலா.

படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.
பாண்டிமீனா எடுத்தாள், விருமாயியின் மருமகள்.

“ஆப்பிச்சம்பாவா? அதென்ன?
ஆப்பீஸ் நெல்லுன்னுல்ல சொன்னேன்.
எங்க மாமியா மடியில கட்டிக் கொண்டாந்தது.
கோழி தின்னது போக ரெண்டு கை மிஞ்சுச்சாம்.
எங்களுது கடைமடை.
பெரியாறு தண்ணி தொறந்தாலும்
எங்க வரப்புக்கு வர்றதுக்குள்ள சேதிதான் வரும்.
இது தாங்கும். கூளம் நெறையா விழும், மாட்டுக்காச்சு.
சாயும்தான்.
சாஞ்சா நாலு தூரச் சேத்துக் கட்டிவிடுவோம்,
தலமுடி மாதிரி.”

யூரியா?
“அதுக்கு ஏது காசு அப்ப.”

யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டேன்.
“தேர்ந்தெடுக்கிறதா?
அறுக்குமுன்னாடி நல்ல கருதா உருவி வச்சுக்கிருவோம்.
வருசாவருசம்.
அதுக்கெல்லாம் பேரு வேற இருக்கா?”

இருக்கிறது.
சாருக்கு அதற்காக இரண்டு முறை பதவி உயர்வு வந்திருக்கிறது.

கணினியில் ஒரு கட்டம்:
வகை – பாரம்பரியமா, மேம்படுத்தியதா.
ஒன்றைத்தான் தொடலாம்.
பெற்றோர் என்ற கட்டத்தில் 43 என்று அடித்தேன்.
உருவாக்கியவர் என்ற கட்டத்தில்
விருமாயி என்று அடித்து, அழித்து,
திரும்ப அடித்தேன்.
முகவரி கேட்டது. கல்வித்தகுதி கேட்டது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின்
பையிலிருந்து இரண்டு மணி எடுத்து
உமி உரித்துப் பார்த்தேன். சிவப்பு.
வாயில் போட்டுக் கடித்தேன்.

எடைத் தட்டில் மிச்சத்தைக் கொட்டி
வந்ததை அப்படியே எழுதினேன்.